ராயபுரத்தில் ஒரு சனிக்கிழமை வகுப்பு: யூதர்கள், இஸ்ரேல் அரசு, நம் பிரசங்கங்கள்

கல்மண்டபம் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஆறு சனிக்கிழமை சாயங்காலம் நடந்த வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். கட்டணம் 300 ரூபாய். டீ, மசால்வடை, ஜெராக்ஸ் தாள் எல்லாம் அதிலேயே அடக்கம். "இஸ்ரேல் அரசை விமர்சிக்கலாமா? யூத மக்களை மதிப்பது எப்படி?" என்று நோட்டீசில் போட்டிருந்தார்கள். ராயபுரத்தில் இப்படி ஒரு தலைப்புக்கு யார் வரப்போகிறார்கள் என்று பார்த்தால், ஹால் நிறைந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் ஒன்றாம் வகுப்பு பெஞ்சுகளைத் தூக்கிவந்து போட்டார்கள். அதில் உட்கார்ந்தால் என் முழங்கால் தாடையில் இடித்தது.

இந்த மாதிரி விஷயத்தில் பேசுகிறவன் யார் என்று தெரியாமல் அவன் போடுகிற மார்க்கை நம்பக் கூடாது. அதனால் சொல்லிவிடுகிறேன். நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். ராஜாஜி சாலையில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீசில் வேலை. பிறந்ததிலிருந்து லூத்தரன் சபை. மனைவி வீட்டில் எல்லோரும் பெந்தெகொஸ்தே. மச்சான் வியாசர்பாடியில் போகிற ஜெபவீட்டில் மேடைக்குப் பின்னால் இஸ்ரேல் கொடி தொங்கும். ஆபீசில் என் பக்கத்து மேசைக்காரர் பழைய தொழிற்சங்க ஆள். 2023 அக்டோபருக்கு அப்புறம் அவர் டீ குடிக்கும்போது காசாவைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. காலையில் மச்சானின் வாட்ஸ்அப், மத்தியானம் இவருடைய பேச்சு. இரண்டு பேரும் நல்ல மனிதர்கள். இரண்டு பேரிடமும் பதில் சொல்லத் தெரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தேன். நோட்டீசைப் பார்த்ததும் மச்சானையும் இழுத்துக்கொண்டு போய் பேரைக் கொடுத்துவிட்டேன்.

பாடம் நடத்தியது இரண்டு பேர். ஒருவர் இறையியல் கல்லூரியில் பாடம் சொல்லி ஓய்வுபெற்றவர். எல்லோரும் 'ஐயா' என்றே கூப்பிட்டார்கள். இன்னொருவர் ஒரு கத்தோலிக்க சிஸ்டர். ஐயாவுக்குக் குரல் சின்னது, மைக் வேறு கரகரத்தது. சிஸ்டருக்கு மைக்கே தேவையில்லை.

முதல் நாள் ஐயா கேட்ட முதல் கேள்வி: "வாழ்க்கையில் ஒரு யூதரையாவது நேரில் பார்த்துப் பேசினவங்க கை தூக்குங்க." ஒரே ஒரு கை எழுந்தது. பெரம்பூரிலிருந்து வந்திருந்த ஐ.சி.எஃப். (ரயில்பெட்டித் தொழிற்சாலை) ரிட்டயர்டு ஆள். எருசலேம் யாத்திரை போனபோது ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட் பார்த்த பெண்ணிடம் பேசினாராம். "என்ன பேசினீங்க?" "பை யாரு பேக் பண்ணதுன்னு கேட்டாங்க. நான்தான்னு சொன்னேன்." ஹால் சிரித்தது. அடுத்த கேள்வி, யூதர்களைப் பற்றி உறுதியான கருத்து வைத்திருப்பவர்கள் யார்? ஏறக்குறைய எல்லாக் கையும் மேலே போனது. உலகம் முழுக்க யூதர்கள் ஒன்றரைக் கோடி பேர் இருப்பார்கள், தமிழ்நாட்டு ஜனத்தொகையில் கால் பங்குகூட இல்லை என்று ஐயா சொன்னதும் என் முன்னால் இருந்த பையன் நம்பாமல் போனை எடுத்துத் தேடிப் பார்த்தான். அவர்கள் உலகத்தையே ஆட்டிவைக்கிறார்கள் என்று கேட்டு வளர்ந்தவனுக்கு அந்த எண் இடித்திருக்க வேண்டும்.

இரண்டாவது வகுப்புதான் இந்த முந்நூறு ரூபாய்க்கு முழு ஈடு. பாடம் பெரிய வெள்ளி, அதாவது இயேசு சிலுவையில் மரித்த நாள். சிஸ்டர் நடத்தினார். நம் ஊர் பெரிய வெள்ளிப் பிரசங்கத்தில், இயேசுவின் பாடுகளை நடிக்கிற பாஸ்கா நாடகத்தில், சிலுவைப் பாதையில் யூதர்கள் எப்படி வருகிறார்கள் என்று எங்களையே சொல்லச் சொன்னார். ஒருவர் நாடகத்துக்குக் கட்டுகிற கொக்கி மூக்கைச் சொன்னார். ஒருவர் ஊரில் யூதாசுக்கு மட்டும் மஞ்சள் உடை போடுவார்களாம். மத்தேயு 27:25 எல்லோருக்கும் மனப்பாடம்: "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக." இயேசுவை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்துவின் முற்றத்தில் நின்ற ஒரு கூட்டம் கத்தியதை ஒரு மக்கள் கூட்டம் முழுவதற்கும், பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதிவைத்து, அதைச் சொல்லிச் சொல்லியே ஐரோப்பாவில் எத்தனை நூற்றாண்டு அடித்தார்கள் என்று சிஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். 386-ல் அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற சபைப் பிதா யூதர்களுக்கு எதிராகச் செய்த பிரசங்கங்கள். பழைய பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களை நம்பிக்கைத் துரோகிகள் என்று சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு அடைமொழியை 23-ஆம் யோவான் பாப்பரசர் 1959-ல்தான் எடுத்துப்போட்டார். நாத்சிகளிடம் மனைவியையும் மகளையும் பறிகொடுத்த ஜூல்ஸ் இசாக் என்ற பிரெஞ்சு யூத வரலாற்று ஆசிரியர் 1960-ல் அதே பாப்பரசரைப் போய்ப் பார்த்து, 'சபை யூதர்களை இகழ்ந்து போதிப்பதை நிறுத்த வேண்டும்' என்று கேட்டிருக்கிறார். அதற்கு அப்புறம் 1965 அக்டோபர் 28-ஆம் தேதி இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் அறிக்கை வந்தது. கிறிஸ்துவின் பாடுகளுக்கான பழியை அன்று வாழ்ந்த யூதர்கள் எல்லோர்மேலும் பொதுவாகப் போட முடியாது, இன்றைய யூதர்கள்மேலும் போட முடியாது. யூதர்கள்மேல் எந்தக் காலத்திலும் யாரும் காட்டிய வெறுப்பைச் சபை கண்டிக்கிறது. இதுதான் சாரம்.

"அறிக்கை வந்து இத்தனை வருஷம் ஆச்சு. போன பெரிய வெள்ளிக்கு உங்க கோயில்ல என்ன பிரசங்கம் கேட்டீங்க?" என்றார் சிஸ்டர். காசிமேட்டிலிருந்து வந்திருந்த ஓர் அக்கா, "இன்னா சிஸ்டர், எங்க சாமி நல்லாத்தான் பேசுனாரு, நாடகம் போடுற பசங்கதான் மூக்கு வெச்சிட்டானுங்க" என்று தன் பங்குச்சாமியை விட்டுக்கொடுக்காமல் சொன்னார்.

அதுவரை கத்தோலிக்கர்களுக்கு நடந்த பூசை என்று நானும் சௌகரியமாக வடை தின்றுகொண்டிருந்தேன். பிறகு ஐயா எழுந்தார். எங்கள் லூத்தரன் சபைக்குப் பெயர் கொடுத்த மார்ட்டின் லூத்தர் 1543-ல் எழுதிய யூத எதிர்ப்பு நூலில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டார். அவர்களுடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்துங்கள், வீடுகளை இடியுங்கள், ஜெபப் புத்தகங்களைப் பிடுங்குங்கள், ரபீக்கள் போதிப்பதைத் தடுங்கள். என் சபையில் வருஷா வருஷம் அக்டோபர் 31-ஆம் தேதி சீர்திருத்தத் திருநாள் கொண்டாடுகிறோம். திடப்படுத்தல் வகுப்பில் லூத்தரின் ஞானோபதேசத்தை ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான். இந்த நூலைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. 1938 நவம்பரில் ஜெர்மனி முழுக்க ஜெப ஆலயங்கள் எரிந்தபோது, மார்ட்டின் சாஸ்ஸே என்ற லூத்தரன் பேராயர் லூத்தரின் பிறந்தநாளிலேயே அவை எரிவதைச் சொல்லி மகிழ்ந்து, லூத்தரின் வசைகளைத் தொகுத்துச் சின்னப் புத்தகமாகப் போட்டார். லூத்தரின் பிறந்தநாள் நவம்பர் 10. அமெரிக்காவின் பெரிய லூத்தரன் சபை 1994-ல்தான் யூத மக்களிடம் இதற்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தது. அதே ஜெர்மனியில் டீட்ரிச் போன்ஹோஃபர் என்ற இளம் லூத்தரன் போதகர் 1933-லேயே சபை அரசாங்கத்தைக் கேள்வி கேட்க வேண்டும், அடிபட்டவர்களுக்குத் துணை நிற்க வேண்டும், தேவைப்பட்டால் சக்கரத்தையே நிறுத்த வேண்டும் என்று எழுதினார். 1945 ஏப்ரலில் தூக்கில் போடப்பட்டார். வடை ஆறிப்போனது. அதற்கு அப்புறம் ஐயா சொன்னவை காதில் விழுந்தன, மனசில் ஏறவில்லை.

அரசாங்கத்தை விமர்சிக்கிற பேச்சுக்கு முன்னால் இந்தப் பாடத்தை வைத்ததுதான் இந்த வகுப்பின் புத்திசாலித்தனம். நம் பிரசங்க மேடையின் கணக்கைப் பார்க்காமல் நேராக காசாவுக்குப் போயிருந்தால் முதல் நாளே இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தியிருப்போம்.

மூன்றாவது வகுப்புக்கு வருகிறேன். இஸ்ரேல் பாசம். இங்கேதான் எனக்கு வருத்தம். ஐயா சொன்ன விஷயத்தில் தப்பில்லை. 'உன்னை ஆசீர்வதிக்கிறவர்களை ஆசீர்வதிப்பேன், உன்னைச் சபிக்கிறவனைச் சபிப்பேன்' என்கிற ஆதியாகமம் 12:3-ஐ எடுத்துக்கொண்டு, ஆபிரகாமுக்குச் சொன்ன ஆசீர்வாதத்தை இன்றைய ஓர் அமைச்சரவையின் ஒவ்வொரு முடிவுக்கும் முத்திரையாகக் குத்தக் கூடாது என்றார். யூதர்கள் தங்கள் நாட்டுக்குத் திரும்பினால் கடைசிக் காலம் வரும், அப்புறம் யுத்தம், அப்புறம் நாம் மேலே போய்விடுவோம் என்கிற வரைபடம் 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற பிரசங்கியார் வழியாகப் பரவி, 1909-ல் வந்த ஸ்கோஃபீல்டின் குறிப்புரை வேதாகமத்தால் வீட்டுக்கு வீடு போனது என்று காட்டினார். அந்த வரைபடத்தில் யூதர்களுக்குக் கடைசியில் என்ன ஆகிறது என்று கேட்டார். பெரும்பாலானவர்கள் அழிகிறார்கள், மீதிப்பேர் மனம் மாறுகிறார்கள். "அவங்களை நம்ம கடிகாரத்துக்கு முள்ளா வெச்சிருக்கோம். இது பாசமா?" என்றார். நல்ல கேள்வி.

ஆனால் கேட்ட தொனியில் ஒரு நக்கல் இருந்தது. ஆட்டோவில் 'ஷாலோம்' எழுதுவது, கூட்டத்தில் ஷோஃபார் என்கிற ஆட்டுக்கொம்பை ஊதுவது, யோர்தான் தண்ணீரைப் பாட்டிலில் வாங்குவது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, பெரிய சபைக்காரர்கள் சிரித்தார்கள். பெந்தெகொஸ்தே ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரு மூலையில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் எழுந்து, "ஐயா, எங்க பாஸ்டர் தினம் காலைல எருசலேமின் சமாதானத்துக்காக ஜெபிக்கிறாரு. சங்கீதம் 122-ல இருக்கு. உங்க கோயில்ல எத்தனை வாட்டி யூதருக்காக ஜெபிச்சீங்க?" என்று கேட்டார். ஐயா உடனே பதில் சொல்லவில்லை. "நியாயமான கேள்வி தம்பி" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் மச்சான் வரவில்லை; அவரோடு இன்னும் சிலரும் வரவில்லை. கொஞ்சம் மரியாதையாகப் பேசியிருந்தால் கடைசிவரை இருந்திருப்பார்கள். மரியாதையைப் பற்றிய வகுப்பில் இது நடந்திருக்கக் கூடாது. அரை மதிப்பெண்ணை இங்கேதான் குறைக்கிறேன்.

அந்த நாளின் பின்பாதி நன்றாகப் போனது. தீர்க்கதரிசிகள் ராஜாக்களை விமர்சித்த கதை. தாவீதுக்கு முன்னால் நின்று "நீயே அந்த மனுஷன்" என்ற நாத்தான். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பிடுங்கிக்கொண்ட ஆகாபை எதிர்த்த எலியா. நியாயம் தண்ணீரைப்போலப் புரண்டு வரவேண்டும் என்று சொன்ன ஆமோஸ். இதையெல்லாம் எடுத்து இன்றைய இஸ்ரேல் அரசாங்கத்தைக் கேள்வி கேட்கலாமா? கேட்கலாம், வேதமே அரசனுக்கு விலக்குக் கொடுக்கவில்லை என்றார் ஐயா. ஆனால் ஆமோஸ் தன் ஜனத்துக்குள் நின்று, தன் ஜனத்துக்காக அழுதுகொண்டு பேசினவர். நாம் அந்த வசனங்களை வெளியே நின்று எடுத்து, 'பார், இவர்கள் எப்போதுமே இப்படித்தான் என்று இவர்களுடைய வேதமே சொல்கிறது' என்றால் அது வேறு சங்கதி. ஆதிச் சபைப் பிதாக்கள் பலர் இதைத்தான் செய்தார்கள். காசிமேட்டு அக்கா இதை ஒரே வரியில் முடித்துவிட்டார்: "என் புள்ளைய நான் வெளக்கமாத்தால அடிப்பேன். எதிர்வீட்டுக்காரி அதே வெளக்கமாத்தத் தூக்கினா சும்மா வுடுவனா?"

நான்காவது வாரம் வகுப்பில் உட்காரவில்லை, நடை. ராயபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து மண்ணடி பக்கம் இறங்கி பவளக்காரத் தெருவுக்குப் போனோம். நான் இருபது வருஷமாக பில் ஆஃப் என்ட்ரி என்கிற இறக்குமதித் தாளைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போய்வருகிற தெரு. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே யூத வணிகர்கள் குடியிருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரியும். லண்டன், ஆம்ஸ்டர்டாம், இத்தாலியின் லிவோர்னோ ஆகிய ஊர்களோடு தொடர்புள்ளவர்கள். பலர் போர்ச்சுகீசிய வம்சாவளி. மத்தியதரைக் கடல் பவளத்தைக் கப்பலில் இறக்கிவிட்டு, கோல்கொண்டா வைரத்தை ஏற்றி அனுப்பினார்கள். என் தொழில்தான், முன்னூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால். 1688-ல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது அதன் ஆல்டர்மேன்களில், அதாவது மூத்த உறுப்பினர்களில், யூத வணிகர்களும் இருந்தார்கள். ஜாக் டி பைவா என்ற வைர வியாபாரி 1687-ல் இறந்தார். அவர் ஏற்படுத்திய யூதக் கல்லறைத் தோட்டம் தங்கசாலைத் தெருப் பக்கம் இருந்தது. மிச்சமிருந்த கல்லறைக் கற்கள் பிற்பாடு லாயிட்ஸ் சாலைக்குப் போய்ச் சேர்ந்தன. தங்கசாலையில் இப்போது பாத்திரக் கடையும் சேட்டுக் கடையும்தான். கை வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று சிஸ்டர் சொன்னதைக் கேட்டோம். போர்ச்சுகலில் 1497-ல் யூதர்களைக் கட்டாயப்படுத்தி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அப்புறம் 'ரகசியமாகப் பழைய மதத்தைக் கடைப்பிடிக்கிறார்கள்' என்று இன்குவிசிஷன் என்கிற மத விசாரணை மன்றம் போட்டார்கள். 1560-ல் அது கோவாவுக்கும் வந்தது. "நம்ம கரைக்கு விசுவாசத்தைக் கொண்டுவந்த அதே போர்ச்சுகீசியர்தான்" என்றார். சாந்தோம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒருவருக்கு அது பிடிக்கவில்லை; அதைச் சொல்லவும் செய்தார். சிஸ்டர் மறுக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. இந்த நடை மட்டும் தனியாக நடத்தினால்கூட நான் 300 ரூபாய் கொடுப்பேன்.

ஐந்தாவது வாரம்தான் நோட்டீசில் போட்ட கேள்விக்கு நேராக வந்தார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்திகளை அனுப்பியவர் பெயர் இல்லாமல் அச்சடித்து, ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஒரு கட்டு கொடுத்தார்கள். எது விமர்சனம், எது வெறுப்பு என்று நாங்களே பிரிக்க வேண்டும்.

சில தாள்கள் சுலபம். "மேற்குக் கரையில் குடியேற்றங்கள் கட்டுவது சட்டவிரோதம்" என்பது விமர்சனம்; சர்வதேச நீதிமன்றமே 2024 ஜூலையில் அந்தக் கருத்தைச் சொல்லியிருக்கிறது, ஒத்துக்கொள்ளாதவர் வாதாடலாம். "உலகத்து வங்கியெல்லாம் அவங்க கையில" என்பது பழைய விஷம். "இதுக்குத்தான் ஹிட்லர் அன்னைக்கே..." என்று தொடங்குகிற தாளை யாரும் முழுசாகப் படிக்கவில்லை. ஆனால் அது எங்கள் எல்லோருடைய போனிலும் எப்போதாவது வந்ததுதான். ஒரு கல்லூரிப் பெண் அதைச் சத்தமாகவே சொன்னாள். "இஸ்ரேலைக் குறை சொல்லும் கிறிஸ்தவன் சாபத்துக்கு உட்பட்டவன்" என்ற தாளும் கட்டில் இருந்தது. இதை எந்தக் குவியலில் வைப்பது என்று எங்கள் பெஞ்சில் தெரியவில்லை. இதில் வெறுப்பு இல்லை, ஆனால் வாயை அடைக்கிறது. 2023-ல் மாதக் கணக்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் டெல் அவிவ் தெருக்களில் லட்சக்கணக்கான இஸ்ரேலியர்கள் தங்கள் அரசாங்கத்தின் நீதித்துறை மாற்றங்களை எதிர்த்து நின்றார்கள். இந்தத் தாளின்படி பார்த்தால் அவர்களும் சபிக்கப்பட்டவர்கள்தான்.

ஒரு தாளில் பெரிய சண்டை வந்தது: "நெதன்யாகு இந்தக் காலத்து ஏரோது." குழந்தைகளைக் கொன்ற ராஜாவின் பெயரைச் சொல்வதில் என்ன தப்பு, எந்த நாட்டுத் தலைவனாக இருந்தாலும் சொல்வேன் என்றார் ஐ.சி.எஃப். பெரியவர். சிஸ்டருக்கு அதில் சம்மதமில்லை. ஏரோது, யூதாஸ், பரிசேயன் என்று சுவிசேஷத்தின் வில்லன் பெயர்களை யூதர்கள்மேல் வைப்பதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது, அந்தப் பழைய பழியும் சேர்ந்தே வரும், வேறு சொல்லா இல்லை என்றார். என் கட்சி சிஸ்டர் கட்சி. அரசாங்கம் செய்ததை அப்படியே தேதி, இடம் போட்டுச் சொன்னாலே போதுமான அளவு கடுமையாக இருக்கிறது. ஏரோதை எதற்கு இழுக்க வேண்டும்?

2016-ல் சர்வதேச யூதப்படுகொலை நினைவுக் கூட்டமைப்பு, யூத வெறுப்பு என்றால் எது என்று ஏற்றுக்கொண்ட வரையறையையும், அதில் திருப்தியில்லாத அறிஞர்கள் 2021-ல் வெளியிட்ட எருசலேம் பிரகடனத்தையும் ஐயா பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டுக்கும் நடுவில் பெரிய தகராறு உண்டு. முதலாவது, இஸ்ரேலைப் பற்றிய நியாயமான பேச்சையும் அடக்கப் பயன்படுகிறது என்பது மற்றவர்கள் குறை. ஆனால் மற்ற நாடுகளை விமர்சிப்பதுபோல இஸ்ரேலை விமர்சிப்பது யூத வெறுப்பு ஆகாது என்று முதலாவதும் சொல்கிறது. ஓர் அரசு செய்ததற்கு யூதர்கள் எல்லோரையும் பொறுப்பாக்குவது வெறுப்பு என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன.

இது தமிழனுக்குப் புரியாத விஷயமா என்ன? வகுப்பில் யாரும் சொல்லாத ஒன்றை நான் இங்கே சொல்கிறேன். 2009-க்கு அப்புறம் இலங்கை அரசின்மேல் நமக்கு இருந்த கோபம் நியாயமானது. ஆனால் 2012 செப்டம்பரில் பூண்டி மாதா கோயிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் ஜெபம் பண்ண வந்த இலங்கை யாத்திரிகர்களின் பேருந்துகளைத் திருச்சியில் தாக்கினோம். 2013 மார்ச்சில் இலங்கையிலிருந்து வந்த ஒரு புத்த பிக்குவை நம் சென்ட்ரல் ஸ்டேஷனிலேயே அடித்தார்கள். அந்தப் பக்தர்களா முள்ளிவாய்க்காலில் குண்டு போட்டார்கள்? அரசின்மேல் உள்ள கோபம் கையில் கிடைத்த மனிதன்மேல் இறங்குவதற்கு நாம் ஜெர்மனிவரை போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. ஐயா இதை எடுத்திருந்தால் ஹாலில் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. அடுத்த முறையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது வாரம் ஏமாற்றம். பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் என்ற பெரிய தலைப்பை நன்றியுரைக்கும் குரூப் போட்டோவுக்கும் நடுவில் அரைகுறையாகத் திணித்தார்கள். பாலஸ்தீனச் சபைகளின் ஆட்கள் 2009 டிசம்பரில் வெளியிட்ட கைரோஸ் அறிக்கை, ஆக்கிரமிப்பைப் பாவம் என்று சொன்னது. அதைப் பற்றி இரண்டே வாக்கியம். காசாவின் புனித போர்பிரியுஸ் ஆலய வளாகம் 2023 அக்டோபர் 19-ல் தாக்கப்பட்டு, அடைக்கலம் புகுந்தவர்கள் செத்தார்கள். அங்கிருக்கிற ஒரே கத்தோலிக்கப் பங்கான திருக்குடும்ப ஆலயமும் 2025 ஜூலையில் தாக்கப்பட்டது. பிரான்சிஸ் பாப்பரசர் போர்க்காலத்தில் அந்தப் பங்குக்கு ஏறக்குறைய தினம் சாயங்காலம் போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். அதே பாப்பரசர்தான் 2024 பிப்ரவரியில் இஸ்ரேலில் இருக்கிற யூதர்களுக்கு எழுதிய கடிதத்தில் யூத வெறுப்பு கடவுளுக்கு எதிரான பாவம் என்று எழுதினார். 2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து ஏறக்குறைய 1,200 பேரைக் கொன்று, 250 பேர்வரை பிடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு காசாவில் பல்லாயிரம் பேர் செத்தார்கள். இரண்டையும் முழுசாகச் சொல்லி இரண்டுக்கும் அழுத அந்தப் பாப்பரசரை வைத்தே ஒரு வகுப்பு முழுக்க நடத்தியிருக்கலாம். போட்டோவுக்கு மாலை போடுவதில் நேரம் போனது.

இன்னொரு குறை. ஆறு வாரத்தில் ஒரு யூதரின் குரலை நாங்கள் கேட்கவில்லை. கொச்சிக்கு ஒரு ராத்திரி ரயில்தான். மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய ஜெப ஆலயம் இருக்கிறது. ஆளைக் கூப்பிட முடியாவிட்டால் வீடியோவிலாவது ஒருவரைப் பேசவைத்திருக்கலாம். பாலஸ்தீனக் கிறிஸ்தவர் ஒருவரையும் அப்படியே. அவர்களைப் பற்றி நாங்களே பேசிக்கொண்டோம்.

சில்லறைக் குறைகளும் உண்டு. வத்திக்கான் சங்க ஏடுகள் தமிழில் எப்போதோ வந்துவிட்டன. எங்களுக்கு ஆங்கில ஜெராக்ஸ் கொடுத்தார்கள், அதுவும் ஓரம் வெட்டுப்பட்டு. பெண்கள் கழிப்பறைச் சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் கடைத்தெருவில். மின்விசிறி சத்தத்தில் ஐயா சொன்னதில் பாதி பின்வரிசைக்குப் போகவில்லை. டீ மட்டும் குறை சொல்ல முடியாது.

ரோமர் 11-ஆம் அதிகாரத்தை ஐயா கடைசி நாளில் அவசரமாக வாசித்தார். யூதர் அல்லாத கிறிஸ்தவர்களை, இஸ்ரேல் என்கிற ஒலிவமரத்தில் ஒட்டவைக்கப்பட்ட கிளை என்கிறார் பவுல். அந்தக் கிளைக்கு அவர் சொல்வது: "நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறதென்று நினைத்துக்கொள்." மச்சான் இருந்திருந்தால் சத்தமாக ஆமென் சொல்லியிருப்பார். அந்த வசனத்தை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "இதைத்தானே நாங்க சொல்றோம்" என்று பதில் வந்தது. பக்கத்து மேசைக்காரரிடம் வகுப்புத் தாளைக் கொடுத்தேன். லூத்தர் பகுதியைப் படித்துவிட்டு, "உங்க ஆளுங்களே எழுதிவெச்சிருக்காங்களே" என்று சந்தோஷப்பட்டார். அடுத்த பக்கத்தில் வங்கிக் கட்டுக்கதையைப் பற்றி இருந்தது. அதை நானே புரட்டிக் காட்டினேன். அன்றைக்கு டீக்கடையில் கிரிக்கெட் பேசினார்.

5-க்கு 3.5 கொடுக்கிறேன். பிரசங்கம் செய்கிறவர்கள், ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவர்கள், பாஸ்கா நாடகம் போடுகிற பையன்கள் கட்டாயம் போக வேண்டும். காசா சண்டைக்கு ஒரே நாளில் தீர்ப்பு கேட்கிறவர்களுக்கு இது ஒத்துவராது. அடுத்த தொகுதி லெந்து நாட்களுக்கு (தவக்காலத்துக்கு) முன்னால் தொடங்கும் என்றார்கள். பெந்தெகொஸ்தே பாஸ்டர் ஒருவரையும் மேடையில் உட்காரவையுங்கள். நேரத்தையும் மாற்றுங்கள்: ஞாயிறு விடிகாலையில் காசிமேட்டில் மீன் சந்தை உச்சத்தில் இருக்கும், அந்த அக்கா சனிக்கிழமை ஏழு மணிக்கே ஐஸ் ஏற்பாடு பண்ண எழுந்து போய்விடுவார், அவர் போனதும் வகுப்பில் பாதி உயிர் போய்விடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வைத்தால் அவரும் கடைசிவரை இருப்பார்.